எந்தப் பக்கத்தால் வந்தது? ஓட்டிசமும் குடும்பமும்

பிள்ளைக்கு ஓட்டிசம் என்று வைத்தியர் சொல்லி இரண்டு நாள் போகாது, வீட்டில் அந்தக் கதை தொடங்கிவிடும். "எங்கட பக்கத்திலை இப்பிடி ஒருத்தரும் இல்லையே." சொல்வது பெரும்பாலும் அப்பம்மாவாக இருக்கும், இல்லாவிட்டால் ரொறன்ரோவிலிருந்து வட்ஸ்அப்பில் வரும் ஒரு பெரியப்பா. மிச்சத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொல்லத் தேவையுமில்லை, கேட்டுக்கொண்டு நிற்கும் மருமகளுக்கு அது வடிவாக விளங்கும். அவளின் தாய்வீட்டிலும் அதே நேரம் அதே வசனம் மறுபக்கம் பார்த்து ஓடிக்கொண்டிருக்கும். கலியாணம் பேசும்போது இரண்டு பக்கமும் நடத்தின விசாரணை, சில வருடம் கழித்து ஒரு மூன்று வயதுப் பிள்ளையின் பெயரில் திரும்ப நடக்கிறது.

நேரான பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். ஓட்டிசம் (பேச்சிலும் மற்றவர்களோடு பழகுவதிலும் சின்ன வயதிலிருந்தே வித்தியாசம் காட்டும் நிலை) குடும்பங்களுக்குள் ஓடுகிறதா என்றால், ஓம், ஓடுகிறது, அதுவும் பலமாகவே ஓடுகிறது. மூளை வளர்ச்சியோடு சேர்ந்து வரும் நிலைகளில் பரம்பரையின் பங்கு மிகக் கூடுதலாக இருப்பவற்றுள் இதுவும் ஒன்று. ஆனால் அது எந்தப் பக்கத்தால் வந்தது என்று கேட்டால், பெரும்பாலான குடும்பங்களில் அதற்குப் பதில் கிடையாது, எவ்வளவு இரத்தப் பரிசோதனை செய்தாலும் கிடையாது.

இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் ஆறுதல் சொல்ல வரும் நல்ல மனிதர்கள் முதல் பாதியை மறைத்துவிடுவார்கள். "இது பரம்பரை ஒண்டும் இல்லை, யோசிக்காதைங்கோ" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போய்விடுவார்கள். அந்த ஆறுதலை நம்பின தாய், ஒரு வயதுத் தம்பிப்பிள்ளை பெயர் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காததைக் கவனிக்காமல் விட்டுவிடுவாள். பொய்யான ஆறுதலுக்கு அப்படி ஒரு விலை இருக்கிறது.

தாயைக் குற்றம் சொல்வது யாழ்ப்பாணத்தில் மட்டும் பிறந்த பழக்கம் இல்லை. 1943இல் அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் லியோ கானர் என்ற சிறுவர் மனநல மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஓட்டிசம் தனியான ஒரு நிலையாக மருத்துவ உலகுக்குப் பரவலாக அறிமுகமானது அதன் பிறகுதான். இந்தப் பிள்ளைகள் பிறக்கும்போதே இப்படித்தான் பிறந்திருக்கிறார்கள் என்று அதிலேயே அவர் எழுதியிருந்தார். ஆனால் பெற்றோர் பலர் படித்தவர்கள், ஒட்டாத சுபாவம் உள்ளவர்கள் என்றும் ஒரு குறிப்பு வைத்தார். அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு பிறகு வந்தவர்கள், அவர் உட்பட, வேறு பாதையில் போனார்கள்: தாயின் அன்பு போதாததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்ற கதை ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மேற்கில் மருத்துவமாகவே நடந்தது. புரூனோ பெற்றல்ஹைம் என்பவர் 1967இல் அதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். பெற்றோரைப் பார்த்து, இது உங்கள் பிழை இல்லை என்று கானர் பகிரங்கமாகச் சொன்னது 1969இல். அதற்கிடையில் எத்தனை தாய்மார் அந்தப் பழியோடு வாழ்ந்திருப்பார்கள். எங்கள் ஊரில் "வயித்திலை இருக்கேக்கை என்னத்தைச் செய்தனியோ" என்று கேட்பவர்களுக்கு பெற்றல்ஹைமைத் தெரியாது, ஆனால் இரண்டு பேரும் ஒரே கட்சி.

இதே குறிப்பை இன்னொரு விதமாகவும் வாசித்திருக்கலாம். பெற்றோரில் ஒருவர் ஒட்டாத, தன்பாட்டில் இருக்கிற, ஒரு விஷயத்தைப் பிடித்தால் விடாத ஆள் என்றால், அந்தச் சுபாவத்தால் பிள்ளை பாதிக்கப்பட்டது என்று ஏன் எடுக்க வேண்டும்? தகப்பனிடம் மெல்லிதாக இருக்கும் அதே தன்மை பிள்ளையிடம் தடிப்பாக வந்திருக்கலாம் அல்லவா? வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கர் 1944இல் எழுதும்போது, தான் பார்த்த பையன்களின் தகப்பன்மாரிடம் அதே சாயல் இருப்பதைக் கவனித்து, இது பரம்பரை என்று எழுதினார். (நாசிகள் காலத்தில் ஊனமுற்ற பிள்ளைகளைக் கொல்லும் இடத்துக்கு அனுப்பியதில் அவருக்கும் பங்கு இருந்தது என்பது 2018இல் ஆவணங்களோடு வெளிவந்தது. அதனால் அவர் பெயரை மரியாதையோடு சொல்ல எனக்கு விருப்பமில்லை, அவதானிப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.)

சந்தேகத்தைத் தீர்த்தது இரட்டைப் பிள்ளைகள். ஒரே முட்டையிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணு கிட்டத்தட்ட முழுவதும் ஒன்று. தனித்தனி முட்டையில் வந்தவர்கள் சாதாரண சகோதரர் போல, சராசரியாகப் பாதி. இரண்டு வகையும் ஒரே கருப்பையில், ஒரே வீட்டில், ஒரே அம்மாவோடு வளர்கின்றன. அம்மாவின் வளர்ப்புத்தான் காரணம் என்றால் இரண்டு வகையிலும் ஒரே விளைவு வர வேண்டும். 1977இல் லண்டனில் சூசன் ஃபோல்ஸ்ரைன், மைக்கல் ரட்டர் என்ற இருவர் 21 சோடிகளைப் பார்த்தார்கள். ஒரே முட்டை இரட்டையர் 11 சோடியில் 4 சோடியில் இரண்டு பேருக்கும் ஓட்டிசம். மற்ற வகையில் 10 சோடி, அதில் ஒரு சோடி கூட இல்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் அதற்குப் பிறகு தாயைக் கூண்டில் ஏற்றுவது கஷ்டமாகிவிட்டது. 1995இல் இன்னும் கூடின சோடிகளோடு செய்தபோது ஒரே முட்டை இரட்டையரில் 60 சதவீதம், மற்றவர்களில் பூச்சியம். அதோடு இன்னொன்றையும் பார்த்தார்கள்: முழு ஓட்டிசம் என்று சொல்ல முடியாத, ஆனால் பேச்சிலோ பழகுவதிலோ சாயல் இருக்கிறவர்களையும் சேர்த்து எண்ணினால் 60 என்பது 92 ஆனது, மற்ற வகையில் 10 ஆனது. இந்த 92ஐ மறக்காமல் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

அதற்குப் பிறகு வந்தவை பெரிய நாடுகளின் பதிவேடுகள். சுவீடனில் பிறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கம், அந்த இலக்கத்தில் தாய், தகப்பன், வைத்தியசாலைப் பதிவு எல்லாம் கோர்த்திருக்கும். 20 லட்சம் பிள்ளைகளை வைத்து 2014இல் வந்த கணக்குப்படி, ஓட்டிசம் உள்ள ஒருவரின் கூடப்பிறந்தவருக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பத்து மடங்கு, தாய் அல்லது தகப்பன் மட்டும் பொதுவான சகோதரங்களுக்கு மூன்று மடங்கு, ஒன்றுவிட்ட சகோதரங்களுக்கு இரண்டு மடங்கு. இரத்தம் தூரமாகத் தூரமாக வாய்ப்பும் இறங்குகிறது. டென்மார்க், பின்லாந்து, சுவீடன், இஸ்ரேல், மேற்கு அவுஸ்திரேலியா ஆகிய ஐந்து இடத்துப் பதிவுகளைச் சேர்த்து 2019இல் செய்த ஆய்வு, ஒருவருக்கு வருவதற்கும் இன்னொருவருக்கு வராமல் விடுவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் 80 சதவீதமளவு மரபணுவால் என்று சொன்னது.

இந்த 80 சதவீதம் என்பதைத்தான் எல்லோரும் பிழையாக விளங்குகிறார்கள். ஓட்டிசம் உள்ள தகப்பனின் பிள்ளைக்கு 80 சதவீத வாய்ப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு பிள்ளையின் ஓட்டிசத்தில் 80 பங்கு பரம்பரை, 20 பங்கு வேறு என்றும் இல்லை. இது ஒரு பெரிய சனக்கூட்டத்தைப் பற்றின கணக்கு. உங்கள் வீட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்று, மரபணுவால் என்றால் அது தாய் தகப்பனிடம் அப்படியே இருந்திருக்க வேண்டும் என்றும் இல்லை.

வீட்டுக்குத் தேவையான கணக்கு வேறு. மூத்த பிள்ளைக்கு ஓட்டிசம் என்றால் அடுத்ததுக்கு? அமெரிக்கா, கனடா, பிரித்தானியாவில் 18 ஆராய்ச்சி நிலையங்கள் சேர்ந்து, ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் தம்பி தங்கைகள் 1,605 பேரைக் குழந்தைப் பருவத்திலிருந்து மூன்று வயது வரை பின்தொடர்ந்தன. 2024இல் வந்த முடிவு: 20.2 சதவீதம். ஐந்தில் ஒன்று. தம்பி என்றால் நான்கில் ஒன்று, தங்கச்சி என்றால் எட்டில் ஒன்று அளவு. மூத்தது பெண்பிள்ளை என்றால் அடுத்ததுக்கு வாய்ப்பு 35 சதவீதத்துக்குக் கிட்ட ஏறுகிறது, இரண்டு மூத்தவருக்கு இருந்தால் 37. ஐந்தில் ஒன்று என்பதை நீங்கள் எந்தப் பக்கமிருந்தும் வாசிக்கலாம், ஐந்தில் நாலு பேருக்கு வரவில்லை என்றும்தான். ஆனால் சும்மா இருந்துவிடக்கூடிய இலக்கம் இல்லை.

மூத்தது பெண்பிள்ளை என்றால் ஏன் கூடுகிறது? ஆண்பிள்ளைகளில் ஓட்டிசம் கூடுதலாகக் கண்டுபிடிக்கப்படுகிறது, மூன்று நான்கு மடங்கு. பெண்பிள்ளைகளில் அது வெளியில் தெரிய இன்னும் பாரமான மரபணுச் சுமை தேவைப்படுகிறது என்பது ஒரு விளக்கம். அப்படியென்றால் ஒரு பெண்பிள்ளையில் தெரிந்துவிட்ட குடும்பத்தில் சுமை கூட இருக்கிறது. அதோடு, அமைதியான பெட்டை, சொன்னதைக் கேட்கிற பிள்ளை என்று பாடசாலையில் மெச்சப்பட்டே பல பெண்பிள்ளைகள் ஒருவர் கண்ணிலும் படாமல் போய்விடுகிறார்கள் என்பதும் உண்மை. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

சரி, அப்படி என்ன வழியாகத்தான் வருகிறது? ஒரு மரபணு, ஒரு வியாதி என்று பாடசாலையில் படித்த மாதிரி இல்லை. 2020இல் வந்த ஒரு பெரிய ஆய்வு மட்டும் ஓட்டிசத்தோடு தொடர்பான 102 மரபணுக்களை அடையாளம் காட்டியது, அவையும் அரிதான, பலமான மாற்றங்களைத் தாங்குபவை. அவற்றுக்குக் கீழே, ஆயிரக்கணக்கான மிகச் சின்ன வேறுபாடுகள். தனித்தனியே ஒன்றுமே செய்யாதவை, எங்கள் எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பவை. சனத்தொகையில் ஓட்டிசத்துக்கான வாய்ப்பின் பாதியளவு இந்தச் சின்னச் சின்ன வேறுபாடுகளால்தான் என்று ஒரு கணக்கு உண்டு.

முன்னூற்றிநாலு என்ற கடுதாசி விளையாட்டு விளையாடினவர்களுக்கு இது கெதியாக விளங்கும். தாயிடம் ஒரு கட்டு, தகப்பனிடம் ஒரு கட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு கட்டையும் கலைத்துப் பாதி பாதி போடுகிறார்கள். மூத்த பிள்ளைக்குப் போட்ட கை இளைய பிள்ளைக்கு வராது. ஒரே இனக் கடுதாசி அநேகமாக எல்லாம் ஒரு கையில் விழுந்தால் அது யாருடைய கட்டிலிருந்து வந்தது என்று கேட்டு என்ன பலன்? இரண்டு கட்டிலும் அந்த இனம் பரந்து கிடந்தது, விளையாடும் மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

அப்பம்மாவுக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஆய்வு ஒன்றும் இருக்கிறது. தாயின் கூடப்பிறந்தவருக்கு ஓட்டிசம் இருந்தால் பிள்ளைக்கு என்ன, தகப்பனின் கூடப்பிறந்தவருக்கு இருந்தால் என்ன என்று சுவீடனில் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளில் பார்த்தார்கள், 2020இல் முடிவு வந்தது. தாய் பக்கம் என்றால் ஏறத்தாழ மூன்று மடங்கு, தகப்பன் பக்கம் என்றால் இரண்டு மடங்கு, இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் புள்ளிவிவரப்படி நிலைநிற்காத அளவு சின்னது. அதாவது இரண்டு பக்கத்தாலும் வருகிறது, ஒரு பக்கம் சுத்தம் என்று சொல்ல ஆதாரமில்லை.

பிறகு, ஒரு பக்கத்தாலும் வராத வகையும் உண்டு. தாய் தகப்பன் இருவரின் இரத்தத்திலும் இல்லாத புது மாற்றம் ஒன்று விந்திலோ முட்டையிலோ உண்டாகிப் பிள்ளைக்கு வந்துவிடும். இப்படி ஒவ்வொரு மனிதரும் சில பத்துப் புது மாற்றங்களோடுதான் பிறக்கிறோம், பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. ஐஸ்லாந்தில் 2012இல் செய்த ஆய்வு ஒன்று, தகப்பனின் வயது ஒரு வருடம் கூடினால் பிள்ளையில் இந்தப் புது மாற்றங்கள் ஏறத்தாழ இரண்டு கூடுகின்றன என்று காட்டியது. இதை வாசித்தபோது எனக்கு எங்கள் ஊர் அண்ணாமார்தான் நினைவுக்கு வந்தார்கள். இருபது வயதில் வெளியில் போய், முதலில் ஏஜென்சிக்காரனின் கடன், பிறகு மூத்த அக்காவின் சீதனம், பிறகு இளைய அக்கா, பிறகு தங்கச்சி, பிறகு ஊரில் வீடு, எல்லாம் முடித்துத் தன் கலியாணம் என்று வரும்போது நாற்பதைத் தாண்டிவிட்ட எத்தனை பேர். தகப்பனின் வயது ஏற வாய்ப்பு ஓரளவு ஏறுகிறது என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டதுதான். ஆனாலும் நாற்பது வயதுத் தகப்பன்மாரின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு ஓட்டிசம் இல்லை, அந்த அண்ணாமார் தலையில் இதையும் கட்டிவிடாதீர்கள்.

எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு உண்மையிலேயே பதில் இருக்கும் ஒரு சில நிலைகளும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விடுவது பிழை. ஃப்ரஜைல் எக்ஸ் என்று ஒன்று, எக்ஸ் நிறமூர்த்தத்தில் (மரபணுக்களைத் தாங்கும் இழைகளில் ஒன்று, பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒன்று) ஒரு மரபணுவில் வரும் கோளாறு. பரம்பரையாக வரும் அறிவுசார் குறைபாட்டுக்கு மிகப் பொதுவான தனிக்காரணம் இது, இதுள்ள ஆண்பிள்ளைகளில் கணிசமானவர்களுக்கு ஓட்டிசமும் சேர்ந்திருக்கும். ஆண்பிள்ளைக்கு எக்ஸ் தாயிடமிருந்துதான் வருகிறது, அதனால் தாய்வழி என்பது இங்கே சரி. ஆனால் அந்தத் தாய்க்கு அது அவளின் தகப்பனிடமிருந்து வந்திருக்கலாம், அதாவது பிள்ளையின் அம்மப்பா, எந்தக் குறையும் வெளியில் தெரியாத மனிதர். வயது போன காலத்தில் கை நடுக்கமும் நடை தள்ளாட்டமும் வந்திருக்கும், முதுமை என்று விட்டிருப்பார்கள். பெரியம்மா ஒருவருக்கு நாற்பதுக்கு முன்பே மாதவிடாய் நின்றிருக்கும். இன்னொரு பெரியம்மாவின் மகனுக்குப் படிப்பு ஏறாமல் இருந்திருக்கும். இந்த மூன்றையும் ஒருவரும் ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்க மாட்டார்கள். வைத்தியர் குடும்பக் கதை கேட்பது இதற்குத்தான், கேட்கும்போது வெட்கப்பட்டு மறைக்கிறோமே, அங்கேதான் நட்டம்.

இன்னொன்று டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ். வலிப்பு வரும், தோலில் இலை வடிவில் வெளிறிய திட்டுகள் இருக்கும். தேமல் என்று எண்ணெய் பூசிக்கொண்டிருப்பார்கள். இந்நிலை உள்ள பிள்ளைகளில் பாதிக்குக் கிட்ட ஓட்டிசமும் காணப்படும். இதில் மூன்றில் இரண்டு பங்கு புது மாற்றத்தால் வருவது, மிச்சம் தாயிடமோ தகப்பனிடமோ மெல்லிதாக இருந்து வருவது. பிள்ளைக்கு வலிப்பும் ஓட்டிசமும் சேர்ந்திருந்தால் உடம்பு முழுவதையும் வெளிச்சத்தில் ஒருக்கால் பாருங்கள், வைத்தியரிடமும் காட்டுங்கள்.

சொந்தத்துக்குள் கலியாணம் பற்றியும் கேட்பார்கள். மச்சான் மச்சாள் கலியாணம் எங்களுக்குப் புதிதில்லை, இப்போது குறைந்துவிட்டது, அவ்வளவுதான். நெருங்கின சொந்தம் இரண்டு பேரிடமும் ஒரே மறைவான மாற்றம் இருக்கக்கூடும், அது பிள்ளையில் இரட்டிப்பாகச் சந்தித்தால் சில வகை வியாதிகள் வரும். ஓட்டிசத்திலும் அப்படி ஒரு சின்னப் பங்கு உண்டு. மத்திய கிழக்கு, துருக்கி, பாகிஸ்தான் பக்கத்தில் சொந்தத்துக்குள் மணம் செய்த குடும்பங்களை ஆராய்ந்து ஹாவர்ட்டைச் சேர்ந்தவர்கள் 2008இல் அதைக் காட்டினார்கள். ஆனால் பெரும்பாலான ஓட்டிசம் இந்த வழியால் வருவதில்லை. சொந்தத்துக்குள் செய்யாத, கலப்புக் கலியாணம் செய்த, வெள்ளைக்காரரை முடித்த குடும்பங்களிலும் தாராளமாக இருக்கிறது.

இப்போது அந்த 92க்கு வருவோம். முழு ஓட்டிசம் இல்லை, ஆனால் சாயல் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் இதை எண்பதுகள், தொண்ணூறுகளிலிருந்தே கவனித்து வருகிறார்கள்: ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் தாய் தகப்பன், மாமன், சித்தப்பாமாரில் கணிசமானவர்களிடம் சில தன்மைகள் கூடுதலாக இருக்கின்றன. ஒழுங்கு மாறினால் பொறுக்க மாட்டார்கள். கூட்டத்தில் நிற்க மாட்டார்கள். கதைத்தால் ஒரே விஷயத்தையே கதைப்பார்கள், கேட்பவருக்கு அலுத்துவிட்டதை அறிய மாட்டார்கள். நண்பர் ஒருவரோ இருவரோ, அதுவே போதும்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு வசனம் இருக்கிறது: "அவர் ஒரு மாதிரி ஆள்." விசர் என்று சொல்ல மாட்டார்கள், அவமரியாதையும் இல்லை, ஒரு மாதிரி, அவ்வளவுதான். யாழ்தேவி எந்த ஸ்டேஷனில் எத்தனை மணிக்கு நிற்கும் என்று ஐம்பது வருடத்துக்கு முந்தின நேரசூசியை ஒப்பிக்கிற பெரியப்பா. செத்தவீட்டுக்கும் போகாத, கலியாணவீட்டுக்கும் போகாத, ஆனால் ஊரிலுள்ள அத்தனை வானொலிப்பெட்டியும் திருத்திக் கொடுத்த மாமா. கணக்கில் புலி, பெண் பார்க்கப் போன வீட்டில் ஒரு சொல் கதைக்காமல் எழும்பி வந்த சித்தப்பா. ஒரு குடும்பத்தில் இப்படி இரண்டு மூன்று பேர் இருப்பதும், அதே குடும்பத்தில் ஒரு பேரப்பிள்ளைக்கு ஓட்டிசம் வருவதும் தற்செயலாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

இதில் இரண்டு பக்கமும் சறுக்கும். ஒன்று, கதை குறைந்த எல்லோருக்கும் ஓட்டிசப் பட்டம் கட்டுவது. அது மோசமான விளையாட்டு. கூச்சம், காது கேளாமை, குடி, துக்கம், இவற்றாலும் மனிதர் ஒதுங்குவார்கள். இந்த மண்ணில் இன்னொரு காரணமும் இருக்கிறது. 1995இல் ஒரே இரவில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள், ஷெல்லில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், தடுப்பிலிருந்து வந்தவர்கள், இவர்களில் ஒருவர் சனத்தோடு சேராமல் மூலையில் இருக்கிறார் என்றால் அது அவர் பிறக்கும்போது கொண்டுவந்த தன்மை என்று எப்படிச் சொல்வது? ஓட்டிசத் தன்மை என்றால் சின்ன வயதிலிருந்தே இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லக்கூடிய ஆச்சிமார் இப்போது பல வீடுகளில் இல்லை.

மற்றது, ஒன்றுமே இல்லை என்று மறுப்பது. "எங்கட பரம்பரையிலை இல்லை" என்று அடித்துச் சொல்பவர்களிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: இருந்திருந்தால் யார் கண்டுபிடித்திருப்பார்கள்? அமெரிக்காவின் மருத்துவ வகைப்பாட்டு நூலில் ஓட்டிசம் தனி நிலையாக ஏறியதே 1980இல். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் கதைக்காத பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுபோய் நூல் கட்டினார்கள், நாவூறு கழித்தார்கள், பிறகு அந்தப் பிள்ளை வீட்டின் பின்பக்கத்திலேயே வளர்ந்து முதிர்ந்தது. மெல்லிய சாயல் உள்ளவர்கள் படித்து உத்தியோகம் எடுத்து ஓய்வூதியமும் வாங்கினார்கள், ஒருவரும் பெயர் வைக்கவில்லை.

"அங்கை போனபடியாத்தான் வந்தது" என்ற கதை இங்கிருந்துதான் பிறக்கிறது. அண்ணனின் பிள்ளைக்கு லண்டனில் ஓட்டிசம் என்று பெயர் வைத்தாயிற்று, தம்பியின் பிள்ளைக்கு உடுப்பிட்டியில் ஒன்றும் இல்லை. குளிர், சாப்பாடு, தனிமை என்று காரணம் அடுக்குவார்கள். லண்டன் பிள்ளையை நேர்சரியிலேயே கவனித்து அனுப்பிவிட்டார்கள், இங்குள்ள பிள்ளை "கொஞ்சம் சுணங்கிக் கதைக்கும், தகப்பனும் அப்பிடித்தான்" என்ற வசனத்தோடு முதலாம் வகுப்புக்குப் போகிறது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு எட்டு வயதுப் பிள்ளைகளில் 150இல் ஒருவருக்கு என்று பதிவானது, 2022இல் 31இல் ஒருவருக்கு. இருபது வருடத்தில் மரபணு மாறாது. வரையறை விரிந்தது, பார்க்கும் கண் கூடியது, அதுதான் கூடுதலான காரணம். இலங்கையிலும் இல்லாமல் இல்லை. 2009இல் வெளியான ஆய்வொன்று நகரை அண்டிய ஒரு பகுதியில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளைப் பரிசோதித்து, 93இல் ஒருவருக்கு ஓட்டிசம் என்று கண்டது.

அந்த "தகப்பனும் அப்பிடித்தான்" என்ற வசனம் பற்றி ஒரு சொல். பிள்ளை கதைக்கப் பிந்துவதை இப்படித்தான் எல்லா வீட்டிலும் சமாளிக்கிறோம்: தகப்பன் நாலு வயதில்தான் கதைத்தவர், இப்ப பாங்கில் மனேஜர், ஒன்றுக்கும் யோசிக்காதே. ஆறுதலாகச் சொல்வதுதான். ஆனால் தகப்பனும் அப்படி என்பது பிள்ளையைக் காட்டாமல் விடுவதற்குக் காரணம் இல்லை, நேரத்தோடு காட்டுவதற்குத்தான் காரணம்.

சாயல் என்பது எவ்வளவு ஆழமாக மரபணுவில் எழுதியிருக்கிறது என்று பார்க்க விருப்பமுள்ளவர்களுக்கு 2017இல் அமெரிக்காவில் செய்த ஒரு வேலை. ஒன்றரை இரண்டு வயது இரட்டைப் பிள்ளைகளுக்கு மனிதர் முகம் உள்ள காணொளிகளைப் போட்டு, கண் எங்கே பார்க்கிறது என்று கருவியால் அளந்தார்கள். ஓட்டிசம் இல்லாத பிள்ளைகள் இவர்கள். முகத்தில் கண்ணை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதில் ஒரே முட்டை இரட்டையர் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருந்தார்கள், மற்ற வகையில் ஒற்றுமை மிகக் குறைவு. எந்தக் கணத்தில் பார்வையைத் திருப்புகிறார்கள் என்பது கூட ஒத்துப்போனது. அதே பார்வைதான் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் குறைந்து காணப்பட்டது.

போனும் தடுப்பூசியும் பற்றிக் கேட்பீர்கள், கெதியாகச் சொல்லிவிடுகிறேன். தடுப்பூசிக் கதை 1998இல் 12 பிள்ளைகளை வைத்து எழுதின ஒரு கட்டுரையால் வந்தது, அதை 2010இல் சஞ்சிகையே விலக்கிக்கொண்டது, எழுதியவரின் வைத்தியர் பதிவும் போனது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் பிள்ளைகளைப் பார்த்து, தொடர்பில்லை என்று 2019இலும் காட்டிவிட்டார்கள். போன், சின்னப்பிள்ளைக்கு நல்லதில்லை, ஆனால் ஓட்டிசத்தை அது உண்டாக்கவில்லை. மரபணுவுக்கு வெளியே வாய்ப்பைக் கூட்டுவதாக ஆய்வுகளில் உண்மையில் காணப்பட்டவை வேறு: மிகக் குறைமாதப் பிறப்பு, கர்ப்பத்தில் வந்த ஜேர்மன் சின்னமுத்து, வலிப்புக்குக் கொடுக்கும் வல்புரோயேற் மருந்தைக் கர்ப்பகாலத்தில் எடுத்தது. இந்தக் கடைசி மருந்தைப் பாவிக்கும் பெண்கள் பிள்ளைக்கு யோசிக்கும்போதே வைத்தியரோடு கதைக்க வேண்டும், தாங்களாக நிறுத்தவே கூடாது.

இனிக் கலியாணக் கதை. ஓட்டிசம் உள்ள தம்பி இருக்கிற பெண்ணுக்குப் பேச்சு வந்தால் வீட்டார் தம்பியை மறைக்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் அறிந்தால் சாதகம் பொருந்தவில்லை என்று தரகரிடம் சொல்லி அனுப்புகிறார்கள். இதற்கும் கணக்கு உண்டு. முன்பு சொன்ன அதே சுவீடன் ஆய்வில், ஓட்டிசம் உள்ள சகோதரம் இருக்கும் பெண்களின் பிள்ளைகளில் 3 முதல் 5 சதவீதம் பேருக்கு ஓட்டிசம் இருந்தது. பொதுச் சனத்தில் அது அங்கே ஒன்றரை சதவீதம். மடங்கில் சொன்னால் பயமாகக் கேட்கும். நூறில் 95 பேருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ ஓட்டிசம் வரவில்லை என்று சொன்னால் வேறு மாதிரிக் கேட்கும். இரண்டும் ஒரே கணக்குத்தான். மூன்று தலைமுறையாக நீரிழிவும் மாரடைப்பும் உள்ள குடும்பத்தில் கண்ணை மூடிக்கொண்டு சம்பந்தம் செய்கிற நாங்கள், இதற்கு மட்டும் பின்வாங்குவது மரபணுவுக்குப் பயந்து இல்லை, ஊர் கதைக்கும் என்று பயந்துதான்.

ஓட்டிசத்துக்கென்று ஆம் இல்லை சொல்லும் இரத்தப் பரிசோதனை கிடையாது. பிள்ளையைப் பார்த்து, பெற்றோரோடு கதைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். மரபணுப் பரிசோதனை செய்தாலும் பெரும்பாலான பிள்ளைகளில் ஒன்றும் அகப்படாது. ஆனால் வலிப்பு, பெரிய அறிவுசார் தாமதம், முகத்தோற்றத்தில் வித்தியாசம், குடும்பத்தில் இன்னும் சிலர், இப்படி ஏதாவது இருந்தால் கேட்டுப் பார்ப்பது பிரயோசனம். கொழும்பு மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு ஒன்று நீண்ட காலமாக இயங்குகிறது, வைத்தியர் தேவை என்று கண்டால் அங்கே அனுப்பலாம். ஒரு காரணம் அகப்பட்டால், அடுத்த பிள்ளைக்கு எவ்வளவு வாய்ப்பு என்று அந்தக் குடும்பத்துக்கே உரிய பதில் கிடைக்கும். ஐந்தில் ஒன்று என்ற பொது இலக்கம் அப்போது தேவையில்லை.

மற்ற எல்லோருக்கும் வேலை இளைய பிள்ளையிடம்தான். ஒரு வயதுக்குள் பெயர் கூப்பிட்டால் திரும்புகிறதா. ஒரு வயது தாண்டி விரல் நீட்டி ஒன்றைக் காட்டுகிறதா, வேணும் என்று கேட்க மட்டும் இல்லை, "பார்" என்று உங்களுக்குக் காட்ட. காகத்தைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தையும் பார்க்கிறதா. கதைத்த சொற்கள் நின்றுபோனதா, அப்படியென்றால் ஒரு கிழமை கூடக் காத்திருக்காதீர்கள். 16 முதல் 30 மாதம் வரை உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஆம் இல்லை என்று நிரப்பக்கூடிய 20 கேள்விப் பத்திரம் ஒன்று உலகம் முழுவதும் பாவனையில் இருக்கிறது, 18 மாதத்திலும் 24 மாதத்திலும் ஒருக்கால் பார்ப்பது வழக்கம். தடுப்பூசிக்குக் கிளினிக் போகும்போதே குடும்பநல உத்தியோகத்தரிடம், மூத்த பிள்ளைக்கு ஓட்டிசம், இந்தப் பிள்ளையையும் கவனமாகப் பார்க்க வேணும் என்று நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள், அவராகக் கேட்பார் என்று இருக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் முதலில் காது கேட்கிறதா என்ற பரிசோதனை, பிறகு பிள்ளை வைத்திய நிபுணர். அங்கே திகதி கிடைக்க நாள் எடுக்கும், முடிவு சொல்ல இன்னும் எடுக்கும். பேச்சுச் சிகிச்சையாளரிடம் போக அந்த முடிவு கையில் இருக்க வேண்டும் என்று இல்லை, பிள்ளை கதைக்கப் பிந்துகிறது என்ற ஒன்றே போதும்.